பழைய வெள்ளி டாலரில் இரட்டை உருவம்: அச்சிலேயே இருந்ததா, அடிக்கும்போது நேர்ந்ததா?

கேள்வி: நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். வீட்டருகே நடந்த ஓர் எஸ்டேட் விற்பனையில் (இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்பது) மூன்று பழைய வெள்ளி டாலர்களை வாங்கினேன். முதலாவது 1922-ஆம் ஆண்டின் பீஸ் டாலர். தேயாமல் பளபளப்பாக இருக்கிறது. கழுத்தின் இருபுறமும் உள்ள ‘இன் காட் வீ டிரஸ்ட்’ என்ற எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. இரண்டாவது 1880-ஆம் ஆண்டின் மார்கன் டாலர். பின்புறம் ‘எஸ்’ எழுத்து இருக்கிறது. ஆண்டெண்ணில் இரண்டாவது 8-க்குள் கோடு போல ஏதோ தெரிகிறது. மூன்றாவது 1888-ஆம் ஆண்டின் மார்கன் டாலர். ‘ஓ’ எழுத்து உள்ளது. நன்றாகத் தேய்ந்து கறுத்திருக்கிறது. முகப்பில் உள்ள பெண்ணுருவத்துக்கு இரண்டு உதடுகள் இருப்பது போலத் தோன்றுகிறது. பீஸ் டாலரைப் பார்த்த ஒரு வியாபாரி, இது ‘டபுள்டு டை’ (அச்சிலேயே இரட்டிப்பு உள்ளது), பல நூறு டாலர் போகும் என்றார். மற்றொருவர் சாதாரண 1922-க்குத் தரும் விலைதான் தருவேன் என்றார். யார் சொல்வது சரி? மூன்றையும் தரச்சான்றுக்கு (நாணயத்தின் அசல் தன்மையையும் நிலையையும் மதிப்பிட்டு உறையிட்டுத் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பலாமா? அனுப்பும் முன் கறுத்த நாணயத்தை வெள்ளிப் பாலிஷால் துடைக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மற்றவற்றில் தாமதமானால் நாணயத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதில் அவசரப்பட்டால் ஆகிவிடும். எந்த நாணயத்தையும் துடைக்க வேண்டாம். வெள்ளிப் பாலிஷில் உள்ள நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கறுப்போடு சேர்த்து மேற்பரப்பின் வெள்ளியையும் எடுத்துவிடும். எண்களின் உள்வளைவுகளிலும் எழுத்துகளின் ஓரங்களிலும் வெண்மையான படிவை விட்டுச்செல்லும். தாங்கள் தேடும் இரட்டிப்பு இருப்பதே அந்த ஓரங்களில்தான். துடைக்கப்பட்ட நாணயத்தைத் தரச்சான்று நிறுவனங்கள் எளிதில் கண்டுகொள்கின்றன. தரப்புள்ளி எண் எதுவும் தராமல் ‘துடைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு திருப்பி அனுப்புகின்றன. நூறாண்டுக்கு மேல் படிந்த கறுப்பு வாங்குபவரைத் தயங்க வைப்பதில்லை, பாலிஷ் தடம் தயங்க வைக்கும்.

இரட்டிப்பைப் பற்றிப் பேசும் முன் இன்னொரு சிறு வேலை இருக்கிறது. மார்கன் டாலருக்கும் பீஸ் டாலருக்கும் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், உலோகம் 90 சதவீதம் வெள்ளியும் 10 சதவீதம் செம்பும். இவற்றின் போலிகள் ஏராளமாகப் புழங்குவதால், நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். தேய்ந்த 1888-ஆம் ஆண்டு நாணயம் சற்றுக் குறைவாகக் காட்டினால் கவலைப்பட வேண்டியதில்லை. தேயாத 1922 நாணயம் குறைந்தால் கவலைப்பட வேண்டும். காந்தத்தில் ஒட்டக் கூடாது. படங்களில் மூன்றும் அசலாகவே தெரிகின்றன என்பதால் அப்படியே எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

தங்களிடம் இரண்டு வியாபாரிகளும் வாதிட்டது எழுத்து இரட்டையாக இருக்கிறதா என்பதைப் பற்றியல்ல. இரட்டையாகத்தான் இருக்கிறது, படத்தில் எனக்கும் தெரிகிறது. கேட்க வேண்டியது, அந்த இரண்டாவது உருவம் எந்தக் கட்டத்தில் உண்டாயிற்று என்பதே. நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சைத் தயாரிக்கும்போதே அது உண்டாகியிருந்தால், அந்த அச்சிலிருந்து வந்த ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். அதற்குச் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு உண்டு. அச்சு சரியாக இருந்து, நாணயத்தை அடித்த நொடியில் அது அசைந்ததால் உண்டாகியிருந்தால், அந்த ஒரு நாணயத்துக்கு நேர்ந்த விபத்து அது. அடுத்த நாணயத்தில் வேறு மாதிரி இருக்கும் அல்லது இல்லாமலே போகும். இதற்குப் பொதுவாகத் தனி மதிப்பு கிடையாது.

அச்சு தயாரிப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். உருவம் மேடாக இருக்கும் எஃகுத் துண்டுக்கு ஹப் என்று பெயர். மென்மையாக்கிய மற்றொரு எஃகுத் துண்டின் மேல் ஹப்பை வைத்துப் பெரும் அழுத்தத்தில் அமுக்கினால் உருவம் பள்ளமாகப் பதியும். அதுவே நாணயம் அடிக்கும் அச்சு. டாலர் போன்ற பெரிய நாணயத்துக்கு ஒரே அமுக்கில் முழு உருவமும் பதியாது. அமுக்கிய எஃகு இறுகிவிடும் என்பதால் அதை உலையில் காய்ச்சி ஆறவைத்து, மறுபடி ஹப்புக்கு நேராகப் பொருத்தி அமுக்குவார்கள். ரப்பர் முத்திரையை முதலில் குத்திய அதே இடத்தில் மறுபடி குத்தும்போது ஒரு மயிரிழை விலகினால் எழுத்து இரட்டையாகிறதல்லவா, அதுவே இங்கும் நேர்கிறது. இரண்டாம் முறை ஹப் சற்றே திரும்பிப் பொருந்தியிருந்தால் விளிம்பை ஒட்டிய எழுத்துகளில் இரட்டிப்பு அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் இருக்கும். டபுள்டு டை என்று அழைக்கப்படுவது இதுதான்.

இனி மார்கன் டாலருக்கே உரிய ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். பலரும் லென்ஸை எடுத்தவுடன் எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கி இதைத் தவறவிடுகிறார்கள். 1878 முதல் 1904 வரையிலான மார்கன் டாலர்களின் ஹப்பில் ஆண்டெண் கிடையாது. நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்தும் கிடையாது. ஹப் வேலை முடிந்து அச்சு தயாரான பிறகு, நான்கு எண்களும் சேர்ந்த ஓர் உளியால் ஆண்டும், தனி உளியால் நாணயச்சாலைக் குறியும் ஒவ்வொரு அச்சிலும் கையால் குத்தப்பட்டன. நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி ஆகிய கிளை நாணயச்சாலைகளுக்கான அச்சுகளும் பிலடெல்பியாவில்தான் தயாராகின. ஓ, எஸ், சிசி என்ற குறிகளும் அங்கேயே குத்தப்பட்டுப் பெட்டியில் அனுப்பப்பட்டன. ஆகவே ஹப் விலகியதால் எழுத்துகளும் நட்சத்திரங்களும் இரட்டையாகியிருந்தால், பிறகு தனியாகக் குத்தப்பட்ட ஆண்டெண் அதே திசையில், அதே அளவில் இரட்டையாவதற்குக் காரணமே இல்லை. ஒரு மார்கன் டாலரின் முகப்பில் வாசகம், நட்சத்திரம், ஆண்டெண் எல்லாமே ஒரே பக்கமாக இரட்டித்திருந்தால், அது அச்சிலிருந்து வந்ததல்ல, அடிக்கும்போது நேர்ந்தது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். பின்புறத்தில் இதே சோதனைக்கு, இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறி உதவும்.

அடிக்கும்போது நேர்வது என்ன? அச்சு அதன் பிடியில் சற்றே தளர்ந்திருந்தால், முழு அழுத்தத்தில் உருவத்தைப் பதித்துவிட்டு விலகும் கணத்தில் துள்ளும் அல்லது நழுவும். அப்போது ஏற்கெனவே மேடாக எழுந்துவிட்ட எழுத்தின் ஓரத்தை அச்சு வழித்துத் தளத்தோடு (உருவமில்லாத சமப்பரப்போடு) தட்டையாக அமுக்கிவிடுகிறது. எழுத்துக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரு படிக்கட்டுப் போன்ற பட்டை உண்டாகிறது. இதை மெஷின் டபுளிங் என்பார்கள். இங்கே புதிதாக எந்த உருவமும் சேரவில்லை. இருந்த எழுத்திலிருந்து ஒரு பகுதி நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கள் 1922 பீஸ் டாலருக்கு வருகிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பீஸ் டாலரில் ஆண்டெண் தனியாகக் குத்தப்படவில்லை. எழுத்துகளோடு சேர்ந்து ஹப்பிலேயே இருந்தது. தங்கள் நாணயம் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டது என்பதால் பின்புறத்திலும் நாணயச்சாலைக் குறி இல்லை. மேலே சொன்ன சோதனை இதற்குப் பயன்படாது. எழுத்தின் வடிவத்தை வைத்தே முடிவுசெய்தாக வேண்டும், அதனால்தான் இரண்டு வியாபாரிகளுக்கு இரண்டு கருத்து வந்திருக்கிறது.

தாங்கள் அனுப்பிய நெருக்கப் படத்தில் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அதன் நடுத் தண்டுக்கு வலப்புறம் ஒரு பட்டை தெரிகிறது. அது தண்டின் உயரத்தில் பாதிகூட இல்லை. தளத்தோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கிறது. விளக்கொளியைக் கண்ணாடி போல ஒரே வீச்சில் திருப்பி அடிக்கிறது. தளத்தில் மற்ற இடங்களில் காணப்படும், நாணயத்தை அசைத்தால் சுழலும் மினுமினுப்பு அந்தப் பட்டையில் இல்லை. தண்டின் அடிமுனை ஒரே முனையாகவே இருக்கிறது, இரண்டாகப் பிளந்த தடம் அங்கே காணப்படவில்லை. ஹப் விலகலால் வந்த இரட்டிப்பாக இருந்தால் இதற்கு நேர்மாறாக இருக்கும்: இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு, தனக்கென உயரத்தோடு நிற்கும், இரண்டும் பிரியும் இடத்தில், குறிப்பாக எழுத்துகளின் மூலைகளில், சிறு பிளவு தெரியும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. என் தொழிலில் இதைவிட நம்பகமான எளிய வழி வேறில்லை. இரட்டிப்பு இல்லாத வேறொரு 1922 அல்லது 1923 பீஸ் டாலரைப் பக்கத்தில் வைத்து, அதே எழுத்தின் அகலத்தை இரண்டிலும் ஒப்பிடுங்கள். அச்சில் இரட்டிப்பு இருந்தால், எழுத்தும் அதன் இரட்டையும் சேர்ந்த மொத்த அகலம் சாதாரண எழுத்தைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனெனில் அங்கே ஓர் உருவம் கூடுதலாகப் பதிந்திருக்கிறது. மெஷின் டபுளிங்கில் பட்டையையும் சேர்த்து அளந்தால்தான் சாதாரண எழுத்தின் அகலம் வரும். பட்டையை விட்டுவிட்டு அளந்தால் எழுத்து மெலிந்திருக்கும். தங்கள் படத்தில் அந்தத் தண்டு மெலிந்தே இருக்கிறது.

ஆகவே இது மெஷின் டபுளிங். இரண்டாவது வியாபாரி சொன்னதே சரி. 1922-இல் பிலடெல்பியாவில் மட்டும் 5 கோடியே 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பீஸ் டாலர்கள் அடிக்கப்பட்டன. பீஸ் டாலர்களிலேயே எளிதாகக் கிடைப்பது இந்த ஆண்டுதான். தங்கள் நாணயத்தின் விலையை அதன் தேயாத நிலையே தீர்மானிக்கும். பல நூறு டாலர் போகும் என்ற முதல் வியாபாரி அந்த விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள முன்வந்தாரா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. முன்வந்திருந்தால் கொடுத்திருக்கலாம்.

உண்மையான டபுள்டு டை பீஸ் டாலர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், டென்வரில் அடிக்கப்பட்ட 1934-டி நாணயத்தின் பெரிதாக்கிய படங்களைத் தேடிப் பாருங்கள். அதன் ஒரு வகையில் முகப்பு வாசகத்தின் எழுத்துகளிலும் மகுடக் கதிர்களிலும் இரட்டிப்பு தெளிவாகப் பிரிந்து தெரியும். அந்தப் படத்தையும் தங்கள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, நான் மேலே எழுதிய மூன்று பத்திகளும் தேவையில்லாமல் போய்விடும்.

பளபளப்பான நாணயங்களில் ஏமாற்றும் வேறு சில தோற்றங்களும் உண்டு. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த அச்சு எழுத்துகளின் ஓரத்தைக் கரையவிட்டு, விளிம்பை நோக்கி வீங்கிய நிழல் ஒன்றை உண்டாக்கும்; தளம் சொரசொரப்பாகவும் கோடுகள் விளிம்பை நோக்கி ஓடுவதாகவும் இருந்தால் அது அச்சுத் தேய்மானம். 1921-ஆம் ஆண்டின் மார்கன் டாலர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நடுவில் நாணயத் தகடு இல்லாமல் மேலச்சும் கீழச்சும் மோதிக்கொண்டால், ஒரு பக்கத்து உருவத்தின் கோடுகள் மறுபக்கத்தில் ஆவி போலத் தெரியும். முகப்புப் பெண்ணின் தலைப்பட்டையில் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ஓர் எழுத்து பின்புறத்தில் கழுகின் வால் அருகே தெரியும் நாணயங்களைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது தனிக் கதை. தங்கள் மூன்று நாணயங்களிலும் அது இல்லை.

1880-எஸ் நாணயத்தில் தாங்கள் கண்டது உண்மையானது. 8-க்குள் தெரியும் கோடு தூசியோ கீறலோ அல்ல. 1879 என்று ஆண்டு குத்தப்பட்ட அச்சுகள் சில மீதமிருக்க, அவற்றின் மேலேயே 1880 என்று மறுபடி குத்திப் பயன்படுத்தினார்கள். அதனால் மூன்றாவது இடத்தில் 7-இன் மேல் 8-உம், நான்காவது இடத்தில் 9-இன் மேல் 0-வும் வந்து விழுந்தன. பழைய எண்ணைத் தேய்த்து நீக்க முயன்றும் அதன் ஆழமான பகுதிகள் தங்கிவிட்டன. 7-இன் மேற்கோடு 8-இன் மேல் வளையத்துக்குள் குறுக்குக் கோடாகத் தெரியலாம்; சில அச்சுகளில் அதன் இரு நுனிகளும் 8-இன் தலைக்கு மேல் சிறு முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். தங்கள் படத்தில் வளையத்துக்குள் மட்டுமே கோடு இருக்கிறது. 0-வின் உள்ளே, இடப்பக்கச் சுவரை ஒட்டி ஏதேனும் மேடு தெரிகிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பார்த்து எழுதுங்கள். எந்த அச்சு என்பதை அது சொல்லும்.

இந்த வகை 1880-இல் பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி ஆகிய நான்கிலும் உண்டு. கார்சன் சிட்டி நாணயத்தில் 8-க்குள் 7 வெகு தெளிவாகத் தெரியும் என்பதால் அதற்குப் பெயர் அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு 89 லட்சம் டாலர்கள் அடிக்கப்பட்டன. அந்த நாணயச்சாலையின் வேலை நேர்த்தியானது, நாணயங்கள் நல்ல நிலையில் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. எனவே தங்கள் நாணயத்துக்குச் சாதாரண 1880-எஸ் நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

அச்சில் இரட்டிப்பு எப்போதும் கைத்தவறால் வருவதில்லை என்பதற்கும் இதே மார்கன் வரிசையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1878 பிப்ரவரி 28 அன்று பிளாண்ட்-அல்லிசன் சட்டம் நிறைவேறியதும், மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக்க வேண்டிய கட்டாயம் நாணயச்சாலைக்கு ஏற்பட்டது. மார்ச் மாதத்திலேயே அடிக்கத் தொடங்கிய முதல் டாலர்களில் கழுகுக்கு 8 வால் இறகுகள் இருந்தன. பிறகு அதை 7 ஆக மாற்ற முடிவானது. 8 இறகுகளோடு ஏற்கெனவே தயாராகியிருந்த அச்சுகளை வீணாக்காமல், அவற்றின் மேலேயே 7 இறகுகள் கொண்ட புதிய ஹப்பை அமுக்கினார்கள். அந்த அச்சுகளிலிருந்து வந்த டாலர்களில் 7 இறகுகளுக்கு அடியில் பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும். எத்தனை நுனிகள் தெரிகின்றன என்பது அச்சுக்கு அச்சு மாறும். ஹப் இரட்டிப்பு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த நாணயம் இல்லை. லென்ஸ்கூட அதிகம் தேவைப்படாது. அடுத்த முறை நாணயக் கண்காட்சிக்குச் சென்றால், 1878-ஆம் ஆண்டு ‘7 ஓவர் 8’ ஒன்றைக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்போது 1888-ஓ. மூன்றிலும் எனக்கு அக்கறை இதில்தான், தாங்கள் அனுப்பிய படங்களில் மோசமானதும் இதுதான். நியூ ஆர்லியன்ஸில் அந்த ஆண்டு 1 கோடியே 21 லட்சத்து 50 ஆயிரம் டாலர்கள் அடிக்கப்பட்டன. அவற்றுக்குப் பயன்பட்ட அச்சுகளில் ஒன்றின் முகப்பில் ஹப் வெகுவாக விலகிவிட்டது. அந்த அச்சிலிருந்து வந்த நாணயங்களில் பெண்ணின் உதடுகள் இரண்டு இரண்டாக, ஒன்றன் முன் ஒன்றாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் இதை ‘ஹாட் லிப்ஸ்’ என்கிறார்கள்; மார்கன் வரிசையில் அதிகம் பேசப்படும் டபுள்டு டை இது. இதில் ஒரு விந்தை, கிடைத்திருக்கும் நாணயங்கள் பெரும்பாலும் தேய்ந்தவை. தங்கள் நாணயமும் தேய்ந்தே இருப்பது அதற்கு எதிரான சான்றாகாது. விலகல் அவ்வளவு அதிகம் என்பதால் தேய்மானத்துக்குப் பிறகும் இரட்டிப்பு நிற்கிறது.

ஆனால் தேய்ந்து கறுத்த நாணயத்தில் உதடு மட்டும் இரட்டையாகத் தெரிவதை நான் ஏற்பதில்லை. பெண் இடப்பக்கம் பார்க்கிறாள். தாங்கள் எடுத்த படத்தில் வெளிச்சம் வலப்பக்கம் மேலிருந்து விழுகிறது. உதட்டின் நிழல் முன்னால் தளத்தில் விழுந்து, அங்கே படிந்திருக்கும் கறுப்போடு சேர்ந்து இரண்டாவது உதடு போல நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. மேசை விளக்கு ஒன்றைத் தாழ்வாக வைத்து, நாணயத்தை அதன் அடியில் மெல்ல ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். நிழலாக இருந்தால் ஒளி வரும் திசைக்கு ஏற்ப நகரும், ஒரு கட்டத்தில் மறைந்தேவிடும். உலோகத்தில் இருக்கும் மேடு நகராது. எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அதே இடத்தில் தன் ஓரத்தைக் காட்டும்.

அதில் தேறினால், மூக்கையும் மோவாயையும் பாருங்கள். ஹப் விலகும்போது உதட்டை மட்டும் தனியாக இரட்டிக்காது. ஹாட் லிப்ஸ் அச்சில் மூக்கின் முன்வரையும் மோவாயின் வளைவும் சேர்ந்தே இரட்டையாகும். முகத்தின் முன்கோடு முழுவதும் ஒரே போக்கில் விலகிச் செல்லும். உதட்டின் இரட்டை இருந்து மோவாயில் ஒன்றுமே இல்லையென்றால், அங்கே அடிபட்ட தடமோ படிவோதான் இருக்க வேண்டும். பிறகு கீழே ஆண்டெண்ணைப் பாருங்கள். மார்கன் டாலரில் அது தனியாகக் குத்தப்பட்டது என்று முன்பே சொன்னேன். முகம் இரட்டையாக இருந்து, 1888 அதே போக்கில் இரட்டையாகாமல் இருந்தால், தாங்கள் தேடியது கிடைத்துவிட்டது. கடிதத்தோடு வந்த படத்தில் மூக்கின் நுனிக்கு முன்னால் ஒரு மெல்லிய கோட்டை நான் காண்பதாக நினைக்கிறேன், ஆனால் அந்தப் படத்தை வைத்துக் கையெழுத்திட மாட்டேன்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணினியில் செருகும் 200 மடங்கு, 500 மடங்கு நுண்ணோக்கிகளால் எடுத்த படங்களை இப்போதெல்லாம் நிறையப் பேர் அனுப்புகிறார்கள். அத்தனை நெருக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாகவே தெரியும். லென்ஸைச் சுற்றியுள்ள வட்ட விளக்கின் பிரதிபலிப்பே எழுத்தின் இருபுறமும் இரண்டு ஓரங்களை உண்டாக்கிவிடும். 5 முதல் 10 மடங்குக்குள் தெரியாத இரட்டிப்புக்குச் சந்தையில் பெரும்பாலும் விலை இல்லை. கைப்பேசியை அசையாமல் தாங்கலில் வைத்து, ஒரே பக்க ஒளியில் ஒரு படமும், ஒளியை எதிர்ப்பக்கம் மாற்றி அதே இடத்தில் மற்றொரு படமும் எடுத்து அனுப்பினால் போதும்.

இந்த வகைகளைக் குறிக்கும் எண்களைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை, ஆனால் தரச்சான்றுக்கு அனுப்பும்போது தேவைப்படும். மார்கன், பீஸ் டாலர்களின் அச்சு வேறுபாடுகளை லெராய் வான் ஆலனும் ஜார்ஜ் மாலிசும் ஆண்டுவாரியாக, நாணயச்சாலைவாரியாக வகைப்படுத்தினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒவ்வொரு அச்சு இணைக்கும் (முகப்பு அச்சும் பின்புற அச்சும் சேர்ந்தது) ஒரு ‘வாம்’ எண் வழங்குகிறது. ஹாட் லிப்ஸ், 1888-ஓ வாம்-4. வால் இறகுகள் விலகி நிற்கும் ‘ஷிப்டட் ஈகிள்’, 1901-இன் வாம்-3. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: வாம் எண் இருப்பதாலேயே ஒரு நாணயம் அரிதாகிவிடுவதில்லை. ஆண்டெண் ஒரு நூலளவு இடப்பக்கம் குத்தப்பட்டதற்கும் எண் உண்டு. இணையத்தில் ‘அரிய பிழை’ என்று பெரிய எழுத்தில் விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்டவை. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், முடிந்த ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள்.

அடிக்கப்பட்ட எண்ணிக்கையை வைத்து அரிதா இல்லையா என்று கணக்குப் போடுவதும் மார்கன் டாலருக்குச் சரிவராது. 1918-இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியில் பெரும்பகுதியைப் பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் ரூபாய் நோட்டுக்கு ஈடாகக் கொடுக்க வெள்ளி போதாமல் இருந்ததே காரணம். உருக்கும்போது எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று யாரும் பிரித்து எழுதி வைக்கவில்லை. எந்த அச்சின் நாணயங்கள் எத்தனை உலைக்குப் போயின என்பதைச் சொல்ல யாராலும் முடியாது. இன்று எத்தனை கண்ணில் படுகின்றன என்பதை வைத்தே அருமை மதிப்பிடப்படுகிறது. தங்கள் முன்னோர் கையில் புழங்கிய ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்களில் சில ஒரு காலத்தில் மார்கன் டாலர்களாக இருந்திருக்கலாம்.

தரச்சான்றுக்கு 1922 நாணயத்தை இரட்டிப்புக்காக அனுப்ப வேண்டாம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி., அனாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் மெஷின் டபுளிங்கைத் தனி வகையாகச் சீட்டில் குறிப்பதில்லை. கட்டணமும் அஞ்சல் காப்பீடும் போக மிஞ்சுவது ஒன்றும் இருக்காது. 1880-எஸ் மிக உயர்ந்த நிலையில் இருந்தால் மட்டும் அனுப்பலாம். படத்தில் கன்னத்திலும் கழுத்திலும் பைத்தழும்புகள் (பையில் நாணயங்கள் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள்) நிறையத் தெரிவதால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1888-ஓ மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் தயங்காமல் அனுப்புங்கள். இதற்குக் கிடைக்கும் கூடுதல் விலை கட்டணத்தைத் தாண்டும், சான்றில்லாமல் விற்கப் போனால் ஒவ்வொரு வியாபாரியிடமும் இதே வாதத்தைத் தாங்கள் மறுபடி நடத்த வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் வகையைக் குறிக்கும் கட்டத்தில் வாம்-4 என்று தாங்களே எழுதி, வகைப்படுத்துவதற்கான தனிக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். எழுதாவிட்டால் தரப்புள்ளி மட்டும் போட்டு, சாதாரண 1888-ஓ என்றே உறையிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதுவரை மூன்றையும் விளிம்பில் மட்டும் பிடித்து எடுங்கள். படத்தில் 1880-எஸ் இருக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பி.வி.சி. வகையாகத் தெரிகிறது, அது நாளடைவில் பச்சைப் படிவை விட்டுச்செல்லும், இன்றே வேறு உறைக்கு மாற்றுங்கள். 1888-ஓ நாணயத்தின் மூக்கும் மோவாயும் தெரியும்படி, இரு பக்க ஒளியில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பினால் வாம் எண்ணை உறுதிசெய்து எழுதுகிறேன்.